துவக்கு என்று ஒரே சொல்

ஓகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டாம் கிழமை இருக்கும். மூத்தவள் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். “அம்மா, எனக்குப் பதின்மூன்று முடிஞ்சுது. இந்த முறை நானும் க்னாபென்ஷீசனுக்குப் போகலாம்.”

மேசையின் மற்றப் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து பார்த்தா. “அது என்ன பிள்ளை, ஷீசன்?”

“துவக்குச் சுடுற போட்டி, அம்மம்மா. நான் கிளப்பில சுடுறன்தானே, அது மாதிரி. ஆனா இது பெரிசு.”

அம்மா கத்தியை வைத்துவிட்டு எழும்பி அறைக்குள் போனா. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே வரவில்லை.

பிழை மகளுடையது இல்லை, என்னுடையது. பத்து மாதமாக அவள் புதன்கிழமைகளில் போகும் இடத்தை அம்மாவிடம் நான் “ஸ்போர்ட்” என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தேன். இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இது கைவந்த கலை. தமிழில் சொன்னால் வில்லங்கமாகும் விசயத்தை டொச்சில் சொல்லிவிட்டுத் தப்பிவிடுவோம். உங்கட வீடுகளில் ஆங்கிலமோ பிரெஞ்சோ நோர்வேஜியனோ இதே வேலையைச் செய்யும் என்று நினைக்கிறேன்.

வேறு நாடுகளில் இருந்து வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். க்னாபென்ஷீசன் என்றால் நேரடியாக ‘பொடியன்கள் சுடுதல்’. சூரிச்சில் ஒவ்வொரு செப்டெம்பரும் இரண்டாம் வார இறுதியில் அல்பிஸ்குவெட்லி என்ற இடத்தில் நடக்கும். சூரிச் கன்டோனில் வசிக்கிற அல்லது படிக்கிற 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் பங்குபற்றலாம். பெயரில் பொடியன்கள் இருந்தாலும் 1991 முதல் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள். 300 மீற்றர் தூரத்தில் உள்ள இலக்குக்கு ஐந்து வெடி. முழுப் புள்ளி 35. வெல்லுகிறவர் அந்த வருடத்தின் ராஜா அல்லது ராணி. பக்கத்தில் ராட்டினம், சொசேஜ், பஞ்சு மிட்டாய் என்று பெரிய திருவிழா. திங்கட்கிழமை பின்னேரம் நகரத்தில் பள்ளிக்கூடமும் இல்லை.

எனக்குப் பதின்மூன்று வயதிலும் இதே பிரசுரம் வந்தது. அம்மா கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. அம்மாவின் கடைசித் தம்பி பத்தொன்பது வயதில் வெடிபட்டுச் செத்தவர். யார் சுட்டது என்ற கதை இன்றுவரை எங்கட வீட்டில் எடுக்கப்படுவதில்லை. படம் மட்டும் சாமி அறையில் இருக்கிறது.

அப்படியிருந்தும் மகளை ஏன் விட்டேன்? உண்மையைச் சொன்னால், முதல் நாள் போய்ப் பார்த்தபோது அது எனக்குத் துவக்கு மாதிரியே தெரியவில்லை. எங்கட ஊரில் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கீழே நிலவறை ஒன்று இருக்கிறது. அதற்குள் பத்து மீற்றர் நீளத்துக்குச் சுடும் வரிசை. நூலகம் மாதிரி அமைதி. நடுநடுவே ‘டக்’ என்று ஸ்டேப்ளர் அடிக்கிற அளவுக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பிள்ளைகள் பழகுவது காற்றுத் துப்பாக்கியில். குழாய்க்குக் கீழே ஒரு உருளை இருக்கும், அதற்குள் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருப்பார்கள். உங்கட கார் டயரில் இருப்பது இரண்டரை பார் அளவுதான். அந்தக் காற்று 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு ஒன்றைத் தள்ளிவிடும். மருந்தும் இல்லை, புகையும் இல்லை, தோளில் உதைப்பும் பெரிதாக இல்லை. ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ் என்ற ஜெர்மன் பெயர்கள்தான் அதிகம் காதில் விழும். பார்வைக்கு அலுமினியச் சட்டமும் திருகாணிகளுமாகத் தையல் மெஷினுக்கும் சைக்கிளுக்கும் பிறந்தது மாதிரி இருக்கும். புதிதாக நல்லது ஒன்று வாங்கப் போனால் இரண்டாயிரம் பிராங்கைத் தாண்டும். ஆனால் ஆரம்பத்தில் வாங்கவே தேவையில்லை. கிளப்புகள் துப்பாக்கியையும் அங்கியையும் கடனாகக் கொடுக்கும். பிள்ளை மூன்று மாதத்தில் சலித்துப்போய்க் கால்பந்துக்கு ஓடினாலும் நட்டமில்லை.

கஷ்டம் முழுக்க இலக்கில்தான் இருக்கிறது. இலக்கு முழுவதும் சேர்த்தே 45.5 மில்லிமீற்றர் அகலம். நடுவில் உள்ள பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர், பேனா முனையால் வைத்த குத்து. பத்து மீற்றருக்கு அப்பால் நின்றுகொண்டு, ஐந்தரைக் கிலோ வரை பாரமுள்ள ஒன்றை அசையாமல் பிடித்து அதில் அடிக்க வேண்டும். பெரிய போட்டிகளில் 75 நிமிடத்தில் 60 தடவை. பத்தையும் பின்னமாகப் பிரித்து 10.9 வரை எண்ணுகிறார்கள். மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும், இதயம் துடிக்கிறபோது குழாய் முனை கொஞ்சம் ஏறி இறங்குமாம். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, இரண்டு துடிப்புக்கு நடுவே விரலை அழுத்த வேண்டுமாம். பத்து நிமிடம் ஒரு கதிரையில் இருக்க முடியாத பிள்ளை இது.

பாதுகாப்பு விதிகளில் அவர்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. குழாய் எப்போதும் இலக்குப் பக்கம். சுடாத நேரத்தில் குழாய்க்குள் நிறக் கயிறு ஒன்று செருகியிருக்க வேண்டும், குண்டு உள்ளே இல்லை என்று தூரத்தில் இருந்தே தெரிய. கட்டளை வரும்வரை விரல் விசைக்குள் போகக் கூடாது. ஒரு பொடியன் விளையாட்டாகத் துப்பாக்கியோடு திரும்பினான், அன்றைக்கு முழுக்க அவனுக்குப் பயிற்சி இல்லை. நாங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். குண்டு ஈயம், அதனால் பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிஸ்கட்டைத் தொடக் கூடாது.

மற்ற வகைகளையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளை ஏதாவது பெயரைச் சொன்னால் விளங்கிக்கொள்ள உதவும். காற்றுப் பிஸ்டல், அதே பத்து மீற்றர், ஒன்றரைக் கிலோவுக்குள், ஒரே கையால் நீட்டிப் பிடித்துச் சுடுவது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் வெண்கலம் எடுத்ததும், துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி நின்று உலகத்தைச் சிரிக்க வைத்ததும் இதில்தான். சிரித்தார்களே தவிர, கலப்பு அணியில் வெள்ளிப் பதக்கமும் எடுத்தார் மனுஷன். அடுத்தது 50 மீற்றர் ரைஃபிள். முழங்காலிட்டு, படுத்து, நின்று என மூன்று நிலை. இதில் மருந்து வைத்த சின்னத் தோட்டா, 5.6 மில்லிமீற்றர். சுவிஸ் பெண்களின் கோட்டை இது. டோக்கியோவில் நினா கிறிஸ்டனும் பாரிஸில் கியாரா லியோனேயும் தங்கம் எடுத்தார்கள். பிறகு ட்ராப், ஸ்கீட் என்று வானத்தில் பறக்கும் களிமண் தட்டுகளை இரட்டைக்குழல் துப்பாக்கியால் உடைப்பவை. பெரெட்டா, பெராட்சி என்ற இத்தாலியப் பெயர்கள் அங்கே ராச்சியம். 1992 பார்சிலோனாவில் ஸ்கீட்டில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே போட்டியிட்டார்கள், தங்கம் எடுத்தது சாங் ஷான் என்ற சீனப் பெண். அதன் பிறகு பெண்களைப் பிரித்து வைத்தார்கள். எனக்கு இதைக் கேட்டதில் இருந்து ஒரு எரிச்சல்.

எங்கட வீட்டு நாயகி இவர்கள் ஒருவரும் இல்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், பத்து மீற்றர் காற்று ரைஃபிள்காரி. டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டவர், உலகக் கோப்பையில் தங்கம் எடுத்தவர். மகளுக்கு அவரில் பிடித்தது புள்ளிகளை விட, அறிவிப்பாளர்கள் அவரின் பெயரோடு படும் பாடு. தன்ர பெயருக்கு வகுப்பில் நடப்பது ஒலிம்பிக்கிலும் நடக்குது என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

இப்போது ஒரு கசப்பான விசயம். சுவிஸில் இருக்கிற பெற்றோர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாள் பயிற்சியாளர் பெயர் எழுதும்போது, “எந்த நாட்டுக் கடவுச்சீட்டு?” என்று கேட்டார். முகம் சுண்டிப்போச்சு எனக்கு. இங்கே பிறந்தவளிடம், இங்கே பிறந்தவளின் பிள்ளையைப் பற்றிக் கேட்கிற கேள்வியா இது? அவர் சங்கடத்தோடு விளக்கினார். சுவிஸ் ஆயுத ஒழுங்குவிதியில் சில நாட்டுப் பிரசைகள் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ சுடவோ கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சேர்பியா, துருக்கி, அல்பேனியா, அல்ஜீரியா என்று போகும் அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. எந்தக் காற்றுத் துப்பாக்கி ஆயுதக் கணக்கில் வரும் என்பதற்கு அளவு உண்டு: 7.5 ஜூல் அல்லது அதற்கு மேல் சக்தி, இல்லாவிட்டால் நிஜத் துப்பாக்கி மாதிரியான தோற்றம். ஆனால் அடுத்த படிகளுக்குப் போனால் சந்தேகமே இல்லை, அவை ஆயுதங்கள்தான். விளையாட்டு நிகழ்வுக்கு மட்டும் என்று கன்டோன் விதிவிலக்கு அனுமதி கொடுக்கலாம். அதை முன்கூட்டியே கேட்க வேண்டும். என் மகளுக்குச் சிவப்புக் கடவுச்சீட்டு, பிரச்சினை இல்லை. அவளோடு வந்த பொடியன் பிறந்ததும் இங்கேதான், ஆனால் குடும்பம் இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டில். பிள்ளை ஆசைப்பட்ட பிறகு வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவதை விட, நீங்களே முதலில் கிளப்பிடமும் கன்டோன் பொலிசிடமும் கேட்டுவிடுங்கள்.

மற்ற நாடுகளில் கதை வேறு. பிரித்தானியாவில் டன்பிளேன் பள்ளிக்கூடப் படுகொலைக்குப் பிறகு 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தார்கள், ஆனால் காற்றுத் துப்பாக்கிக் கிளப்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் பல்கலைக்கழக ரைஃபிள் அணிகளில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே சுடுகிறார்கள். அந்தந்த நாட்டுச் சட்டத்தை அங்கேயே கேட்பதுதான் புத்தி.

அம்மாவிடம் மூன்றாம் நாள்தான் பேசினேன். நிலவறை, காற்று, ஸ்டேப்ளர் சத்தம் எல்லாம் சொன்னேன். இது உண்மையான துவக்கு இல்லை அம்மா, விளையாட்டுச் சாமான் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு ஒரே ஒரு கேள்வி.

“அந்தப் பெரிய போட்டியில என்ன துவக்கு?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். க்னாபென்ஷீசனில் பிள்ளைகள் சுடுவது ஸ்டூர்ம்கெவேர் 90. சுவிஸ் இராணுவத்தின் ரைஃபிள்தான், வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பக்கத்தில் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் இருப்பார், துவக்கு கால் ஊன்றி நிற்கும், பிள்ளை படுத்தபடி சுடும். எல்லாம் சரி. ஆனால் டொச்சில் லுஃப்ட்கெவேர், க்ளைன்கலிபர், ஸ்டூர்ம்கெவேர் என்று வேறுவேறு பெயரில் வரும் சாமான்களுக்கு அம்மாவிடம் துவக்கு என்று ஒரே சொல்தான் இருக்கிறது. இந்த மூன்றாவதைப் பொறுத்தவரை அந்தச் சொல் பிழையும் இல்லை.

“ஆமிக்காரற்ற துவக்குத்தான் அம்மா,” என்றேன்.

“உண்மையைச் சொன்னியே, அது போதும்,” என்றா. கோபமா, இல்லையா என்று தெரியவில்லை.

இவருக்கு என் முடிவு பிடிக்கவில்லை. இங்கே எல்லாப் பிள்ளைகளும் செய்வதுதானே, நாங்கள் எத்தனை காலத்துக்கு அங்கத்தைய பயத்தை இங்கே வளர்ப்பது என்று கேட்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் கிளப்புக்குத் தொடர்ந்து போகலாம், க்னாபென்ஷீசன் இந்த வருடம் வேண்டாம், பதினேழு வயது வரைக்கும் காலம் இருக்கு என்று மகளிடம் சொன்னேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சிநேகிதிகளோடு அல்பிஸ்குவெட்லிக்குப் போய், ராட்டினத்தில் ஏறி, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்தாள். நான் செய்தது சரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அடுத்த வருடப் பிரசுரம் வரும்போது திரும்ப இதே மேசையில் இருப்போம்.

போன கிழமை கிளப்பில் அவளுக்குப் பழைய அங்கி ஒன்று கொடுத்திருந்தார்கள். தடித்த கான்வஸ், போட்டால் முதுகு வளையாது. கதிரையில் கிடந்ததை அம்மா தடவிப் பார்த்தா. இருபது வருடம் தையல் வேலை செய்த கை.

“இதென்ன, தறப்பாள் மாதிரி? கை நீளம், பிள்ளைக்கு விரலும் தெரியாது.”

“மடிச்சுத் தைக்கேலாது அம்மம்மா. 2.5 மில்லிமீற்றருக்கு மேல தடிச்சா போட்டியில விடமாட்டினம். கருவி வைச்சு அளப்பினம்.”

“ஆர் மடிக்கிறது? வெட்டித்தான் தைக்கவேணும்.” அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்தா. “எந்தக் கையால தாங்கிறனி?”

“இடக்கை.”

“அப்ப அந்தக் கையை நீட்டு. மடக்கு. எப்பிடிப் பிடிப்பியோ அப்பிடி நில்லு பாப்பம்.”