தண்ணீரில் இறங்கியவர்கள் யார்?

அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி வேலை முடித்து ஞாயிறு ஆராதனைக்குப் போகும் தோழர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்கள் சபையைக் கட்டியது யார்? பெரும்பாலும் ஒரு வெள்ளைக்கார மிஷனரியின் பெயரே பதிலாக வருகிறது.

அன்றைய சென்னை மாகாணத்தின் ஒங்கோலைப் பாருங்கள். அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ் அங்கே குடியேறிய 1866இல்தான் தோல் தொழில் செய்த யெர்ரகுன்ட்ல பெரய்யா ஞானஸ்நானம் பெற்றார். அவர் மாதிகா சாதியில் பிறந்தவர். கிராமம் கிராமமாக நடந்து தன் மக்களைத் திரட்டியவர் அவர்தான். மாதிகாக்களைச் சேர்த்தால் நாங்கள் வரமாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். கிளவ் மாதிகாக்களின் பக்கம் நின்றார். அது மறுக்க முடியாத நேர்மை.

ஆனால் 1878 ஜூலை 3 அன்று, பெரும் பஞ்சத்தின் முடிவில், குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றபோது கிளவ் தண்ணீரில் இறங்கவில்லை. ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஆறு உள்ளூர்ப் போதகர்கள். இருவர் இருவராக, முறை வைத்து. உலகம் அந்த நாளைக் கிளவின் சாதனையாகவே நினைவில் வைத்திருக்கிறது. அந்த ஆறு பேரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வரலாற்றிலிருந்து ஒருவரின் உழைப்பை அழிப்பதும் சாதியின் வேலைதான். மிஷனரிகள் தங்கள் கதையை எழுதி அச்சிட்டார்கள். சேரியிலிருந்து வந்த உபதேசியார்களின் கதையோ நம் பாட்டிகளின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள், தோழர்களே.