ஆமைக் கம்பம்

மெரினா கடற்கரையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பிலுள்ள அதிகாரி அவர்களுக்கு,

நான் சேலத்துக்காரி. இந்தக் கோடை விடுமுறையில் என் மகளையும் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வந்து மூன்று நாள் தங்கினேன். மகளுக்கு நாலரை வயது. அவள் அதுவரை பார்த்திருந்த பெரிய தண்ணீர் மேட்டூர் அணைதான். மெரினாவில் அலையோரம் போய் நின்றதும், "அந்தக் கரை எங்கம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடினாள்.

அதற்குப் பிறகு சென்னையில் வேறு எதைக் காட்டினாலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. காலையும் கடற்கரை, மாலையும் கடற்கரை. ஐந்தே முக்காலுக்குச் சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்ததைப் பார்த்தாள். நண்டு வளைக்கு எதிரே மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். நண்டு எட்டிப் பார்த்து, மணலைச் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி வெளியே தள்ளிவிட்டு உள்ளே ஓடும். அந்த உருண்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள், உதிர்ந்துவிட்டது. கண் கலங்கிவிட்டாள். இப்படி ஒரு கடற்கரையைக் காசு வாங்காமல் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் ஊருக்கு முதலில் என் நன்றி. இந்த மடல் ஒரு வேண்டுகோளுக்காக.

இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி இருக்கும். சுண்டல்காரரிடம் நின்று, அம்மாவுக்கு வாங்கும் பொட்டலத்தில் மிளகாய்த்தூள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பினால் மகள் இல்லை.

அந்த நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கடல் பக்கம் ஓடினேன். பாதி தூரத்தில், தண்ணீருக்குப் போயிருக்க மாட்டாள் என்று தோன்றிச் சாலைப் பக்கம் ஓடினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அலைச் சத்தத்திலும் ராட்டினக்காரரின் மணிச் சத்தத்திலும் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போதுதான் கடை வரிசைக்குள் ஒரு குரல் வந்தது: "பச்ச கவுனு பாப்பா யாருது?" அதை அடுத்த கடைக்காரர் வாங்கி அடுத்தவருக்குச் சொன்னார். அவர் அதற்கடுத்தவருக்கு. நான் ஓடிய வேகத்தைவிட அந்தக் குரல் வேகமாக வந்தது. மூன்று வரிசை தள்ளி, சங்கும் சிப்பிமாலையும் விற்கிற ஓர் அக்கா என் மகளைத் தன் பலகைமேல் ஏற்றி, எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்க வைத்திருந்தார். சிப்பிகளுக்கு நடுவில் அழுதபடி நின்றிருந்தாள். அந்த அக்கா என்னைத் திட்டவில்லை. "மூச்ச வுடும்மா மொதல்ல" என்றார்.

பத்து நிமிடம்தான் ஆகியிருக்கும். அதற்குள் அந்த அக்கா என் மகளிடம், "உங்கம்மா எங்க நின்னாங்க கண்ணு?" என்று கேட்டிருக்கிறார். அவளும் பயத்திலும் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறாள்: "பஜ்ஜிக் கடைகிட்ட."

ஐயா, அவள் சொன்னது சரியான பதில். நாங்கள் நின்றது பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில்தான். ஆனால் அந்த மணலில் எங்கு பார்த்தாலும் பஜ்ஜிக் கடை. எல்லாவற்றுக்கும் அதே நீலத் தார்ப்பாய், அதே கண்ணாடிப் பெட்டி, அதே வாழைக்காய், மிளகாய். நாலரை வயதுக்காரி தனக்குத் தெரிந்த அடையாளத்தைச் சொன்னாள். அது அடையாளமாக இருக்க முடியாத இடமாக நாம் கடற்கரையை வைத்திருக்கிறோம்.

மறுநாள் அதே இடத்துக்குப் போய், அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் கடல் தெரியவில்லை. கால்கள் தெரிந்தன, தார்ப்பாய் தெரிந்தது, குதிரையின் வயிறு தெரிந்தது. பெரியவர்களுக்கு இங்கே வழி சொல்லப் பெரிய பெரிய அடையாளங்கள் இருக்கின்றன. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-இல் நிறுவிய உழைப்பாளர் சிலை, காந்தி சிலை, கண்ணகி சிலை. "உழைப்பாளர் சிலைகிட்ட நிக்கிறேன், வா" என்று கைப்பேசியில் சொன்னால் போதும். ஆனால் அவை எல்லாம் சாலையோரத்தில் இருப்பவை. மணலில் இறங்கிக் கடைகளுக்குள் நுழைந்துவிட்டால் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றுமே எட்டாது. பலகைகள் இருக்கின்றன, எழுத்துத் தெரிந்தவர்களுக்காக.

இந்த மணல் ஒரு காலத்தில் இவ்வளவு இல்லை என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். துறைமுகம் கட்டுவதற்கு முன்னால் அலை இன்றைய சாலைக்கு வெகு அருகில் வந்து போயிருக்கிறது. 1870-களில் துறைமுக வேலை தொடங்கிக் கடலுக்குள் சுவர்கள் எழுந்ததும், கரையோரமாக வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த மணல் அதன் தெற்கே தேங்கிச் சேர ஆரம்பித்தது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். அதன் பிறகும் மணல் வளர்ந்துகொண்டே போனது. வடக்கே போயிருக்க வேண்டிய மணல் இங்கே நின்றுவிட்டதால் திருவொற்றியூர்ப் பக்கம் கல்லைக் கொட்டிக் கரையைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அது தனி வேதனை, தனி மடலுக்கு உரியது. இன்றைக்கு மெரினாவின் அகலம் சராசரியாக 300 மீட்டர் என்கிறார்கள். பெரியவர்களுக்கு ஐந்து நிமிட நடை. பிள்ளைக்கு அது ஒரு ஊர்.

காணும் பொங்கலன்று காவல்துறையினர் கடற்கரைக்கு வரும் பிள்ளைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். எத்தனை நல்ல யோசனை! கூட்டத்தில் பிள்ளை தொலைவது காணும் பொங்கலுக்கு மட்டும் நடப்பதில்லையே. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறை நாட்களிலும் மணலில் இறங்கும் இடங்களில் ஒரு மேசையும் ஒரு பேனாவும் கொஞ்சம் பட்டையும் இருந்தால் போதும். இதை உங்களால் அடுத்த வாரமே செய்துவிட முடியும் என்று நம்புகிறேன்.

நான் முக்கியமாகக் கேட்க வந்தது வேறொன்று. மணலில் ஒவ்வொரு 200 மீட்டருக்கும் உயரமான ஒரு கம்பம் நட்டு, அதன் உச்சியில் ஒரு படம் வையுங்கள். எண் வேண்டாம், எழுத்து வேண்டாம். ஒன்றில் மீன், அடுத்ததில் நண்டு, அடுத்ததில் ஆமை, சங்கு, படகு, நங்கூரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். கடைகளின் தார்ப்பாய்க்கு மேலே, மூன்றடி உயரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி. மணலில் கால் வைத்ததும் அம்மா பிள்ளையிடம், "நாம ஆமைக் கம்பத்துக்கிட்ட இருக்கோம், காணாமப் போனா அங்க வந்து நில்லு" என்று சொல்லிவிடலாம். கடைக்காரர்களுக்கும் உயிர்காப்பாளர்களுக்கும் காவலர்களுக்கும் அதே பெயர் பழகிவிடும். என் மகள் அன்று "ஆமை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த அக்கா அவளை இரண்டு நிமிடத்தில் என்னிடம் சேர்த்திருப்பார்.

பிள்ளைகள் இதைப் பழகுவார்களா என்று நீங்கள் யோசிக்கலாம். தெற்கு முனையில் 1977 முதல் நிற்கிற கலங்கரை விளக்கத்தை என் மகள் முதல் நாளே கண்டுகொண்டாள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருப்பதால் அதற்கு மிட்டாய்க் கோபுரம் என்று பெயர் வைத்துவிட்டாள். மூன்று நாளும், "மிட்டாய்க் கோபுரம் கிட்ட வந்துருச்சா? தள்ளிப் போயிருச்சா?" என்று அதை வைத்துத்தான் திசை பார்த்தாள். அங்கிருந்து பூந்தமல்லிக்கு மெட்ரோ வரப்போகிறது. அது ஓடத் தொடங்கினால் இன்னும் எத்தனை பிள்ளைகள் வந்து இறங்குவார்கள்!

கம்பத்தில் விளக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். நடுக்குப்பத்து மீனவர் ஒருவர் என் மகளுக்குச் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சனவரி தொடங்கிப் பங்குனி ஆமைகள் இந்தக் கரைக்கு வந்து முட்டையிடுகின்றன. குஞ்சு பொரிந்து வெளியே வந்ததும் வெளிச்சமான திசையில்தான் கடல் இருக்கிறது என்று ஓடும். சாலை விளக்கு பளிச்சென்று எரிந்தால் கடலை விட்டுவிட்டுச் சாலைக்குப் போய்விடும். இங்கே வழி தவறுகிற குழந்தைகள் இரண்டு வகை, இருவரையும் நினைவில் வைத்துச் செய்யுங்கள். இருட்டில் டார்ச் அடித்தால் மின்னுகிற சாயம் போதும்.

உங்களிடம் இதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு மூட்டுவலி. முதல் இரண்டு நாளும் நடைபாதைத் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டு, "நீங்க போயிட்டு வாங்க சாமி" என்று எங்களை அனுப்பிவிட்டார். மூன்றாம் நாள்தான் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே உள்ள மரப்பாதையைப் பற்றி ஒருவர் சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்காக 2022 நவம்பரில் திறந்த பாதை, நீளம் 263 மீட்டர். திறந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதைச் சிதைத்துவிட்டுப் போனது. கடலோரத்தில் மரம் நிற்காது என்று கைவிட்டுவிடாமல் சரிசெய்து மறுபடி திறந்திருக்கிறீர்கள். சக்கர நாற்காலியில் அம்மாவை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள். பாதை முடிகிற இடத்தில் காற்று முகத்தில் அடித்தது. என் அம்மாவுக்கு 68 வயது. அலையை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மகள்தான், "அம்மாயி, அந்தக் கரை இல்லையாம், நானும் தேடிட்டேன்" என்று விளக்கிச் சொன்னாள்.

வர முடியாதவர்களை மனதில் வைத்து ஒரு பாதை போட்டவர்களிடம், வழி படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கம்பம் கேட்கிறேன். மரப்பாதையும் இன்னும் இரண்டு மூன்று இடங்களில் வேண்டும். அதன் முனையில் கொஞ்சம் நிழலும், பிள்ளையின் கால் கழுவ ஒரு குழாயும் இருந்தால் நல்லது.

திரும்பி வரும் ரயிலில் மகள் நான்கு கம்பங்கள் வரைந்தாள். அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். நண்டுக்குச் சிவப்பு, மீனுக்கு நீலம், சங்குக்கு மஞ்சள் கொடுத்திருக்கிறாள். ஆமை பச்சை, அவளுடைய கவுனின் நிறம். ஆமைக் கம்பத்தின் அடியில் ஒரு பலகை போட்டு, அதன்மேல் சிப்பி விற்கிற அக்காவை நிற்க வைத்திருக்கிறாள்.

பொங்கல் விடுமுறைக்கு மறுபடி வருகிறோம்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு தாய்