அறிக்கை யாருக்கு உரியது?

நம்மில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரிலோ, நியூ டவுனிலோ, சென்னையிலோ ஏதேனும் ஒரு கம்பெனியில் அமர்ந்து, தரவுகளைத் தொகுத்து அறிக்கை தரும் வேலை பார்க்கப் போகிறோம். எண்களை ஆராயும் வித்தையைப் பல்கலைக்கழகம் நமக்குக் கற்பிக்கிறது. ஆராய்ந்து முடித்த அறிக்கையை யார் கையில் சேர்ப்பது என்பதை எவரும் கற்பிப்பதில்லை. பவர் பிஐ போன்ற கருவியில் வேலையை முடித்தவுடன் திரையில் ஒரு கேள்வி எழும்: இதைக் காணும் உரிமை யார் யாருக்கு? மேலதிகாரிகள் நால்வர் பெயரைக் குறித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதே வழக்கம். அவ்வழக்கம் தவறானது என்பது என் கருத்து.

காரணத்தை ஒரு கம்பெனியின் வரலாற்றைக் கொண்டே கூறலாம். டார்ச் விளக்கில் போடும் எவரெடி பாட்டரியை நாம் எல்லாரும் அறிவோம். 1934-இல் எவரெடி என்ற பெயரோடு இந்தியாவில் தோன்றிய அக்கம்பெனி, பின்னாளில் யூனியன் கார்பைடு இந்தியா லிமிடெட் ஆயிற்று. 1994-இல் அமெரிக்கத் தாய்க் கம்பெனி தன் பங்குகளை இந்தக் கொல்கத்தா நகரத்தின் மக்லியாட் ரஸ்ஸல் கம்பெனிக்கு விற்றது. மீண்டும் எவரெடி என்ற பெயரே நிலைத்தது. இடையே கிடப்பதுதான் போபால்.

1984 செப்டம்பரில் அமெரிக்காவில் மேற்கு விர்ஜீனியாவின் இன்ஸ்டிடியூட் என்னும் ஊரிலிருந்த கார்பைடு ஆலையைப் பற்றி, கம்பெனியின் உள்ளேயே ஓர் அறிக்கை எழுதப்பட்டது. மெதில் ஐசோசயனேட் தொட்டியில் அடக்க முடியாத வேதிவினை மூளக்கூடும், மூண்டால் பேரழிவு நேரக்கூடும் என்று அது எச்சரித்தது. அதே நச்சுப் பொருளைத் தொட்டிகளில் வைத்திருந்த மற்றோர் ஆலை போபாலில் இருந்தது. அந்த அறிக்கை போபாலுக்கு அனுப்பப்படவில்லை. மூன்று மாதங்களுக்குள், டிசம்பர் 2 இரவு, போபாலின் தொட்டி ஒன்றில் தண்ணீர் புகுந்து அதே வகை வேதிவினை மூண்டது. ஏறத்தாழ 40 டன் நச்சு வாயு உறங்கும் நகரத்தின்மேல் பரவியது. மத்தியப் பிரதேச அரசு உறுதி செய்த சாவுகள் மட்டும் 3,787. உண்மைக் கணக்கு அதனினும் பன்மடங்கு என்பர் பாதிக்கப்பட்டோர்.

1985 ஜனவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன் அந்த அறிக்கையை வெளிப்படுத்தினார். இரண்டு ஆலைகளின் குளிரூட்டும் முறையும் வேறு, ஆதலால் போபாலுக்கு அது பொருந்தாது என்று கம்பெனி விளக்கம் தந்தது. போபாலிலோ குளிரூட்டும் கருவியே பல மாதங்களாக நிறுத்தப்பட்டுக் கிடந்தது! பொருந்துமா பொருந்தாதா என்பதை அறிக்கை எழுதிய ஊரிலிருந்து எப்படி முடிவு செய்ய இயலும்? தொட்டியின் அருகில் நிற்பவன் அல்லவா அதைச் சொல்ல வல்லவன்?

அனுப்பிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடுமா? முடியாது. அதற்கும் போபாலே சான்று. 1982 மே மாதத்தில் அமெரிக்கப் பொறியியலாளர் குழு ஒன்று போபால் ஆலையைச் சோதித்துக் குறைகளைப் பட்டியலிட்டது. அந்த அறிக்கை போபால் மேலாளர்களுக்குச் சென்றது. ஆனால் ஆலையில் வேலை செய்த தொழிலாளர் பலருக்கு இந்தியே தெரியும். அவர்களுக்குரிய கையேடுகளோ ஆங்கிலத்தில் இருந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். படிக்க முடியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை ஏட்டில்கூட இல்லாத சுரைக்காய். தாய்மொழியின் அருமையைப் பேசும் நாம், இதை இலக்கிய மேடைக்கு மட்டும் உரிய பேச்சாகக் கருதலாகாது. ஆலைத் தளத்திலும் அது உயிர் காக்கும் பேச்சாகும்.

கம்பெனியின் இரகசியம் என்னாவது என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. ஊழியரின் சம்பளம், வாடிக்கையாளரின் முகவரி, நோயாளியின் நோய் ஆகியவை பூட்டில் இருக்க வேண்டியவையே. பெயரை நீக்கிவிட்டுத் தொகையை மட்டும் காட்டவும், ஒவ்வொரு கிளைக்கும் அதனதன் பகுதியை மட்டும் திறக்கவும் இன்றைய கருவிகளில் வழி உண்டு. எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்பினால் எவரும் எதையும் படிக்க மாட்டார் என்பதும் உண்மை. ஆதலால்தான் அனுப்புமுன் சிந்தனை வேண்டும் என்கிறேன்.

என்ன சிந்தனை? முதலாவது, இந்த எண் உண்மையானால் யாருக்குத் தீங்கு, யாரால் தடுக்க முடியும் என்று பார்க்க வேண்டும். அவர்கள் பதவியில் எவ்வளவு தாழ்ந்தவராயினும் அறிக்கை அவர்களைச் சேர வேண்டும். இரண்டாவது, எக்செல் கோப்பை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினால் பத்துப் பிரதிகள் பத்து விதமாகத் திருத்தப்பட்டு உலவும். எது அண்மையது என்று எவருக்கும் தெரியாது. தேதியிட்ட ஒரே மூலத்தை ஓரிடத்தில் வைத்து, அதன் இணைப்பை அனுப்புவதே நன்று. ஆலைத் தளத்தில் கணினி இல்லையேல் அச்சிட்டு ஒட்டலாம். மூன்றாவது, படிப்பவரின் மொழியில் நான்கு வரிச் சுருக்கமேனும் வேண்டும். நான்காவது, படித்தவர் என்ன செய்தார் என்ற பதில் எழுதியவருக்குத் திரும்பி வர வேண்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞன் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்கலாம். கட்டளையிடும் அதிகாரம் நமக்கு இராது, உண்மைதான். ஆனால், "இதை அந்த ஆலைக்கும் அனுப்பலாமா, ஐயா?" என்று கேட்கும் வாய் நமக்கு உண்டு. 1984 செப்டம்பரில் அந்தக் கேள்வியை ஒருவர் விடாது கேட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை இன்று எவராலும் உறுதியாகக் கூற இயலாது. கேளாமல் இருந்ததால் ஓர் எச்சரிக்கை கடல் கடக்கவில்லை என்பது மட்டும் உறுதி. நாம் கேட்போம்.