பட்டப்படிப்பும் அப்பாவின் சேமநிதியும்

எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டால் போதும், தோட்டத்து மண் சாலையில் கல்லூரிக்காரர்களின் கார் வர ஆரம்பித்துவிடும். வழவழப்பான தாளில் அச்சடித்த படங்களைக் கோயில் திடலிலும் லயத்து வாசலிலும் விரித்து வைத்து, "தகவல் முறைமைப் பட்டம் எடுத்தால் வேலை கையில்" என்பார்கள். காலையெல்லாம் குலை வெட்டிக் களைத்து வந்த தகப்பனுக்கு அதைக் கேட்க இனிக்கத்தான் செய்யும். நம் பிள்ளையும் வெயிலில் காய வேண்டாம் என்று நினைப்பதில் தப்பேதும் இல்லை.

தகவல் முறைமை என்றால் என்ன என்று பல பெற்றோருக்குப் புரிவதில்லை. நம் தோட்டத்து ஆபீசையே எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் பெரட்டில் பேர் கூப்பிட்டு, கிராணி செக்ரோல் புத்தகத்தில் எழுதி, மாதக் கடைசியில் விடிய விடியக் கூட்டிக் கழித்துச் சம்பளம் போடுவார். இன்று அதே வேலையைக் கணினி செய்கிறது. எந்தக் கணக்கு எங்கே பதிவாக வேண்டும், யார் எதைப் பார்க்கலாம், எது எதோடு சேர வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பவர்தான் இந்தப் படிப்புப் படித்தவர். வங்கி, மருத்துவமனை, துறைமுகம் எல்லாவற்றுக்கும் இப்படிப்பட்ட ஆள் வேண்டும். ஆகவே படிப்பு நல்ல படிப்புதான். அதை எந்த வழியில், யார் காசில் படிப்பது என்பதில்தான் குடும்பங்கள் இடறி விழுகின்றன.

ஒரு சாரார் கடன் என்ற சொல்லுக்கே பயப்படுகிறார்கள். "கடன வாங்கிப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறான்? பேக்டரிக்குப் போனா மாசம் ஆயிரத்து எழுநூறு வருதே" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. நான்கு ஆண்டில் அது 81,600 வெள்ளி. சின்னத் தொகை இல்லை. ஆனால் 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கியது, 1,700 ஆனது 2025இல். எண்ணூறு வெள்ளி ஏறப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. விலைவாசி அதற்குள் எங்கே போய்விட்டது என்பதைக் கடைக்குப் போகும் தாய்மார்களிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சம்பளத்தில் நுழைபவன் அதிலேயே நிற்கும் ஆபத்து உண்டு.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பயப்பட வேண்டியதே இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே கணினி அறிவியலில் தகவல் முறைமை ஒரு பிரிவாக இருக்கிறது. 1997இல் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கொடுக்கும் கடன் பிள்ளையின் பேரில் நிற்கும். அதற்குச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. நான்கு ஆண்டுக்கு 24,000 வெள்ளி வாங்கியதாக வைத்துக்கொள்வோம். பதினைந்து ஆண்டும் முழுத் தொகைக்கே 1 விழுக்காடு போட்டாலும் கூடுவது 3,600 வெள்ளி. மாதத் தவணை 153 வெள்ளி சொச்சம். பிள்ளை 2,500 வெள்ளிச் சம்பளத்தில் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்தால், சேமநிதிக்கும் சொக்சோவுக்கும் போக ஏறக்குறைய 2,200 கையில் வரும். அறை வாடகை 500, சாப்பாடு 700, மோட்டாருக்கு எண்ணெய், போன் எல்லாம் 300, வீட்டுக்கு 300. மிஞ்சும் நானூறில் தவணையைக் கட்டிவிடலாம். இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் கட்ட முடியாத கடன் என்று சொல்ல முடியாது.

கார் கொண்டு வரும் கணக்கு வேறு. கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து 70,000 வெள்ளி என்று வைப்போம். பி.டி.பி.டி.என். கடன் முழுவதையும் தாங்காது. 40,000 அதில் கிடைத்தாலும் மீதி 30,000க்கு அப்பாவின் முகத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். "சேமநிதியிலே எடுக்கலாமே ஐயா, படிப்புக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கே" என்று வந்தவர் சொல்வார். உண்மைதான், இடம் இருக்கிறது. 2024 மே மாதம் சேமநிதியை மூன்று கணக்காகப் பிரித்தார்கள். அதில் செஜாத்தெரா கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கலாம். ஆனால் அது திரும்ப நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்று அவர் சொல்ல மாட்டார். நாம் சொல்கிறோம். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்குத் தொழிலாளி 187, முதலாளி 221, ஆக 408 வெள்ளி மாதம் கட்டப்படுகிறது. அதில் அந்தக் கணக்குக்குப் போவது 15 விழுக்காடு, அதாவது 61 வெள்ளி 20 காசு. எடுத்தது 18,000 என்றால், இலாப ஈவைச் சேர்க்காமல் பார்த்தால், அது நிரம்ப 24 ஆண்டுக்கு மேல் ஆகும். அப்பாவுக்கு இப்போது வயது நாற்பத்தேழு என்றால், கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பணம் வெறும் பணமும் இல்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டிய வீடு. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். வெளியே ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டத் தோட்டத்து மனிதனிடம் இருக்கும் ஒரே தொகை சேமநிதிதான். மகன் பட்டம் வாங்கி, பெற்றவர்கள் பட்டணத்தில் வாடகை அறையில் ஒண்டிக் கிடக்கும் குடும்பங்கள் நமக்குத் தெரியாதவை அல்ல.

நகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடகுக்கடை வட்டி சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வரை. 8,000 வெள்ளிக்கு வைத்தால் மாதம் 160 வெள்ளி. அதாவது 24,000 வெள்ளிக் கல்விக் கடனுக்கு அசலும் சேர்த்துக் கட்டும் தவணையைவிட அதிகம்; இங்கே அசலில் ஒரு காசுகூடக் குறையாது. மூன்று ஆண்டில் 5,760 வெள்ளி வட்டிக்கே போய்விடும். 1960இல் துன் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது நம் பாட்டன்மார் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கியவர்கள். பத்து வெள்ளியின் அருமை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆலோங்கிடம் போவதைப் பற்றி எழுதவே நமக்கு மனமில்லை.

அப்படியானால் இடம் கிடைக்காத பிள்ளை என்ன செய்வது? ஆறாம் படிவம் இருக்கிறது. ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை, வீட்டிலிருந்தே போய் வரலாம். "எஸ்.டி.பி.எம். கஷ்டம்" என்று சொல்லிச் சொல்லியே நம் பிள்ளைகளை அந்த வாசலுக்கு அனுப்பாமல் விட்டுவிட்டோம். கஷ்டம்தான், முப்பதாயிரம் வெள்ளி புரட்டுவதைவிடவா? போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, தேறிய பாடங்களைக் காட்டி, பட்டப்படிப்பில் இடையில் சேர்ந்தவர்களும் உண்டு. ஓராண்டு பிந்தினால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்த்தால், கடனைச் சொந்தக்காரர்கள் வந்து கட்டப் போவதில்லை.

இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கியவர் எல்லாருக்கும் பட்டத்துக்கு ஏற்ற வேலை அமைவதில்லை. உயர்கல்வி முடித்து வேலையில் இருப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தம் படிப்புக்குக் கீழான வேலை பார்ப்பதாகப் புள்ளிவிவரத் துறையே அண்மை ஆண்டுகளில் காட்டியிருக்கிறது. பிள்ளைக்குக் கணக்கிலும் கணினியிலும் மனம் ஒட்டவில்லை என்றால், படத்தைப் பார்த்து இந்தப் படிப்பில் தள்ளாதீர்கள். மகளுக்கு ஒட்டுகிறது என்றால், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று நிறுத்தாதீர்கள்.

கார் வந்தால் விரட்ட வேண்டாம். உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்து, மொத்தச் செலவு எவ்வளவு, அதில் கடன் போகக் கையிலிருந்து எவ்வளவு, படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா என்று கையெழுத்துடன் எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்கிய தாளை அன்றே ஒப்பாமல், தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடமோ சங்கக் கிளைச் செயலாளரிடமோ காட்டுங்கள். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் மேல்முறையீட்டுக்குக் கொடுக்கப்படும் நாள்கள் கொஞ்சம்தான். முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.