அறுபதும் அறுபத்தைந்தும்

நாட்பட்ட சோர்வு நோய்க்கு உடற்பயிற்சி பலன் தருமா என்ற தன் தொகுப்பாய்வை முழுமையாகத் திருத்தி எழுதப்போவதாக 2019-இல் அறிவித்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2024 டிசம்பரில் அந்தப் பணியையே கைகழுவிவிட்டது. பழைய தொகுப்பாய்வு அப்படியே நிற்கிறது. ஐந்து ஆண்டுகள் காத்திருந்த நோயாளிகளுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

அந்தத் தொகுப்பாய்வில் இடம்பெற்ற சோதனைகளில் பெரியது, பிரிட்டனில் 641 பேரிடம் நடந்த ‘பேஸ்’ சோதனை. நோயைப் பற்றிய பயமும் முடங்கிக் கிடப்பதுமே சோர்வை நீடிக்கவைக்கின்றன. எண்ணத்தை மாற்றி, பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் மீண்டுவிடலாம் என்பது அதை நடத்திய மனநல நிபுணர்களின் கொள்கை.

ஒரே ஒரு கணக்கைப் பாருங்கள். படியேற முடிகிறதா, கடைச் சாமான்களைத் தூக்க முடிகிறதா, குளித்து உடுத்த முடிகிறதா என்றெல்லாம் கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சோதனையில் சேரலாம். குணமடைந்தவர் என்று சொல்ல முதலில் வகுத்த வரம்பு 85. 2013-இல் வெளியான கட்டுரையில் அது 60 ஆகிவிட்டது! 65-இல் சேர்ந்து, உடம்பு மோசமாகி 60-க்கு இறங்கியவரும் இந்த அளவுகோலின்படி தேறியவர். சேர்ந்த அன்றே 13 சதவீதம் பேர், உடல் செயல்பாடு, சோர்வு என்ற இரு அளவுகோல்களில் ஒன்றிலாவது குணமடைந்தவருக்கான வரம்புக்குள் இருந்தார்கள். எந்தக் கல்லூரியின் முதலாண்டு மாணவரும் இதைப் பார்த்தவுடன் தவறு என்பார்.

மூலத் தரவைக் கேட்ட நோயாளிக்கு எதிராக லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் தீர்ப்பாயம்வரை போனது, 2016-இல் தோற்றது. முதலில் வகுத்த வரம்புகளை வைத்து மறுபடி கணக்கிட்டபோது, 2013 கட்டுரை இரண்டு சிகிச்சைகளுக்கும் சொன்ன ‘குணமடைந்தவர்கள் 22 சதவீதம்’ என்பது, எண்ணத்தை மாற்றும் சிகிச்சையில் 7, உடற்பயிற்சியில் 4 என்று சரிந்தது. இரண்டும் இல்லாமல் வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களிலேயே 3 சதவீதம்.

விமர்சகர்கள் மிரட்டுகிறார்கள் என்ற ஆய்வாளர் தரப்பின் புலம்பலுக்குப் பதிலே தேவையில்லை. அது மிகையானது என்று தீர்ப்பாயமே சொல்லிவிட்டது. அதன் முன் வந்த ஆதாரம், ஒரு கருத்தரங்கில் ஒருவர் குறுக்கிட்டுக் கூச்சலிட்டார் என்பதுதான்.

நோயை மனத்தின் மேல் போடும் இந்தப் போக்கு புதிதல்ல. 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை ஊழியர்களைத் தாக்கிய நோயை, 1970-இல் இரண்டு மனநல மருத்துவர்கள் கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். நோயாளிகளை நேரில் பரிசோதிக்காமலே எழுதினார்கள். அன்று தொடங்கிய ஆணவம் இன்றும் அடங்கவில்லை. இத்தனைக்கும், படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியை பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 2021-லேயே விலக்கிவிட்டது.

காக்ரேன் அந்தத் தொகுப்பாய்வைத் திரும்பப் பெற வேண்டும். இந்த நோய்க்கான ஆய்வு நிதியில் இனி ஒரு பவுண்டுகூட மனநலத் துறைக்குப் போகக் கூடாது.