பன்றிக்குள் இருக்கும் மரபணு எவன் வீட்டுச் சொத்து?

 

பி.டி. பருத்தி வந்தபோது, விதைக்குள் இருக்கும் மரபணுவுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தோம். அதே வலையைப் பன்றி மேலும் வீசிப் பார்த்தார்கள். அந்தக் கதையை நாம் தெரிஞ்சுக்கணும்.

சில பன்றிகள் லாரியில் ஏற்றினாலே உடம்பு விறைத்துச் சாகும். அறுத்தால், உடல் சூடு ஆறுமுன்னே சதை புளித்து, கறி வெளுத்து, கொழகொழத்து, தண்ணீர் விடும். இதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதுதான் என்று 1991-ல் கனடா நாட்டு டொரண்டோ விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் அந்தக் கோளாறை வாங்கிய குட்டிக்கே இந்தக் கதி. ஐரோப்பாவின் பியட்ரைன், லேண்ட்ரேஸ் இனங்களில் இது பரவியது எப்படி? கொழுப்பு குறையணும், சதை கூடணும் என்று பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததால். பரப்பியது நாமா? இல்லை. ஆனால் அதைக் கண்டறியும் சோதனைக்கும் காப்புரிமை போட்டுக் கட்டணம் வைத்தார்கள்!

அடுத்து 2005-ல் வெளியான மான்சாண்டோ கம்பெனியின் விண்ணப்பங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. இனம் சேர்க்கும் முறைக்கு மட்டுமல்ல, அந்த முறையில் பிறக்கும் குட்டிக்கும் உரிமை கேட்டன. கொழுப்பு, தீனி, வளர்ச்சி சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவை வைத்துப் பன்றியைத் தேர்வு செய்யும் முறைக்கு 2008-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் உரிமையும் கொடுத்தது. ஜெர்மன் விவசாயிகள் சும்மா இருந்தார்களா? 2009-ல் ம்யூனிக் நகரில் அந்த அலுவலகத்தின் முன்னே திரண்டார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்சேபணை குவிந்தது. 2010-ல் அந்தக் காப்புரிமை ரத்தானது. போராடினால் நடக்கும்!

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதி இல்லை. நிலத்தடியில் தண்ணி இருக்குன்னு குறி காட்டினவருக்குக் கூலி கொடுப்போம். கிணத்தையே எழுதிக் கொடுப்போமா? மரபணுவைக் கண்டவன் அதைப் படைத்தவன் இல்லை.

நம் நாட்டில் காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(ஜே), விலங்குக்கோ அதன் பாகத்துக்கோ, இயல்பான இனப்பெருக்க முறைக்கோ காப்புரிமை கூடாது என்கிறது. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தமும் இந்த விலக்கை அனுமதிக்கிறது. இந்த வேலி இருக்கும்வரைதான் நம் தொழுவம் நம்முடையது.

ஆகவே நாம் கேட்பது:

1. எந்த வர்த்தக ஒப்பந்தத்துக்காகவும் பிரிவு 3(ஜே)-யில் கை வைக்காதே!

2. அரசுப் பண்ணைகளின் ஆண் பன்றிகளுக்கு மரபணுச் சோதனை செய்து, முடிவைக் குட்டியோடு எழுதிக் கொடு!

3. மரபணு நல்லதாக இருந்தாலும், அடித்துத் துரத்தி, வெயிலில் ஏற்றிவந்தால் கறி கெடும். அறுவைக்கூடங்களில் நிழலும் தண்ணீரும் ஓய்வும் ஏற்பாடு செய்!

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுங்கள். நாலு பன்றி வைத்திருப்பவரும் வாங்க, நாற்பது வைத்திருப்பவரும் வாங்க!

குட்டி நம்முடையது! குலமும் நம்முடையது!

இங்ஙனம்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்