சோடாவுக்கு பிரிட்ஜ் இருக்கிறது, கீரைக்கு இல்லை

கொட்டாஞ்சேனையில் எனது கடை வாசலில் கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜ் ஒன்று நிற்கிறது. அதை நான் வாங்கவில்லை. ஒரு குளிர்பானக் கம்பனி இலவசமாகத் தந்தது. பழுதானால் அவர்களே ஆளனுப்பித் திருத்துவார்கள். ஒரேயொரு நிபந்தனைதான்: அதற்குள் அவர்களுடைய போத்தல்கள் மட்டுமே இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் பிஸ்கட் கம்பனி தந்த ராக்கை. அதற்கும் பக்கத்தில், தரையில், ஒரு பிளாஸ்டிக் கூடையில் ஈரச் சாக்குப் போர்த்தியபடி வல்லாரையும் பொன்னாங்காணியும் கிடக்கும். காலையில் பச்சையாக இருந்த கீரை அஸருக்குள் வாடிவிடும். வாடியதை யாரும் வாங்க மாட்டார்கள். நட்டம் எனக்கு.

சில்லறைக் கடை நடத்தும் நமது சகோதரர்கள் பலருடைய கடையிலும் இதே காட்சிதான். இதில் என்ன புதினம் என்று கேட்பீர்கள். சில நாட்களுக்கு முன்னர் கடைக்கு வந்த ஒரு தங்கச்சி என்னை யோசிக்க வைத்தார்.

அவர் முன்பு தோட்ட வீடொன்றில் குடியிருந்து, பின்னர் நகர அபிவிருத்தி அதிகார சபையின் தொடர்மாடி ஒன்றுக்கு அனுப்பப்பட்டவர். “நாநா, ஒரு கறிக்கு இருநூறு ரூபாக்கு கலந்து தாங்க” என்றார். நாலு போஞ்சி, ஒரு கரட், ஒரு துண்டு பூசணி போட்டுக் கொடுத்தேன். காசைக் கொடுக்கும்போது பிள்ளை பிஸ்கட் பெக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதது. தாய் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மரக்கறியைத் திருப்பித் தந்து, பிஸ்கட்டையும் நூடுல்ஸ் பெக்கட்டையும் எடுத்துக்கொண்டு போனார். கேஸும் மிச்சம், நேரமும் மிச்சம், பிள்ளையும் அழாது. அவர் கணக்கு அவருக்குச் சரி. அந்தக் கணக்கை அப்படி அமைத்துக் கொடுத்ததில் என் கடைக்கும் பங்கு இருக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தியது.

கொழும்பில் கடை இல்லாத இடம் கிடையாது. வெள்ளவத்தையில் காலி வீதியில் நடந்தால் சுப்பர் மார்க்கட், சந்தை, மரக்கறிக் கடை என்று வரிசையாக இருக்கும். மட்டக்குளி, முகத்துவாரம், புளூமெண்டல், மாளிகாவத்தைப் பக்கமும் கடைகளுக்குக் குறைவில்லை. வித்தியாசம் கடைக்குள் இருக்கும் சாமானில்தான். சீனி, மா, பிஸ்கட், சோடா எந்த மூலையிலும் கிடைக்கும். புதிய கீரையும் பழமும் மீனும் நடக்கும் தூரத்தில், கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது அரிது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நமது நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 15 பேர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். மறுபக்கம் நீரிழிவு, இருதய நோய் போன்ற தொற்றா நோய்களால்தான் நாட்டில் பத்தில் எட்டு மரணங்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இதற்கிடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டதையும் நாம் கண்டோம். அன்று ஏறிய விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை.

ஏழைகளின் உணவைப் பற்றி அரசாங்கம் யோசிக்கும்போதெல்லாம் அதன் ஞாபகத்துக்கு வருவது தன்னுடைய கடைதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1943இல், தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பிறந்ததுதான் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் என்ற சதொச. அக்காலத்தில் அது செய்த சேவையை மறுக்க முடியாது. பின்னர் 2005இல் லங்கா சதொச என்ற கம்பனியாக அது மறுபிறவி எடுத்தது. 2025 ஏப்ரலில் புத்தாண்டை முன்னிட்டு 5,000 ரூபா பெறுமதியான உணவுப் பொதியை 2,500 ரூபாவுக்குக் கொடுத்தபோதும் சதொசவும் கூட்டுறவுக் கடைகளும்தான் வழியாக இருந்தன.

பொதி கொடுத்ததில் குறையில்லை. ஆனால் அரசாங்கம் முதலாளியாக இருக்கும் கடைக்கு இரண்டு வியாதிகள் உண்டு. ஒன்று, அது தொடர்மாடியின் வாசலுக்கு வராது. நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும். இரண்டாவது, அரசியல்வாதியின் கை அதற்குள் போய்விடும். 2015 ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் 14,000 கெரம் பலகைகளையும் 11,000 தாம் பலகைகளையும் சதொச ஊடாக இறக்குமதி செய்த வழக்கில், 2025 மே மாதம் முன்னாள் அமைச்சர்கள் இருவருக்கு மேல் நீதிமன்றம் கடூழியச் சிறைத் தண்டனை விதித்தது. அரிசியும் பருப்பும் விற்க வேண்டிய நிறுவனம் கெரம் பலகை இறக்கப் போனால் அதன் வியாபாரம் எப்படி இருக்கும் என்பதை வியாபாரிகளான உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சனங்களின் வாசலில் எந்நாளும் நிற்பது யார்? 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் போட்டபோது சுப்பர் மார்க்கட்டுகள் தொலைபேசியிலும் இணையத்திலும் ஓடர் எடுத்தன. கார்ட் உள்ளவர்களுக்கு அது உதவியது. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் குடும்பங்களுக்குக் கைகொடுத்தது பக்கத்துக் கடையும் கடன் கொப்பியும்தான். அதே வருடம் ஒக்டோபரில் வட கொழும்பின் பொலிஸ் பிரிவுகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோதும் அப்படித்தான். அந்தக் கொப்பியில் இன்னும் வெட்டப்படாத பெயர்கள் என்னிடம் இருக்கின்றன. பல கடைக்காரர்களிடம் இருக்கும்.

இப்படிப்பட்ட கடைக்காரன் மரக்கறி வைக்கத் தயங்குவதற்கு மூன்று காரணங்கள். முதலாவது, கொள்வனவு. மெனிங் சந்தை புறக்கோட்டையில் இருந்தவரை கொட்டாஞ்சேனை வியாபாரி விடியற்காலையில் முச்சக்கர வண்டியில் போய் இரண்டு மூடை கட்டிக்கொண்டு சுபஹு முடிந்த கையோடு கடை திறக்கலாம். 2020 நவம்பரில் பேலியகொடையில் புதிய கட்டிடம் திறக்கப்பட்டு, சந்தை களனி கங்கைக்கு அப்பால் போய்விட்டது. புறக்கோட்டையின் நெரிசல் குறைந்தது நல்லதே. ஆனால் இருபது கிலோ வாங்குபவனுக்கு வண்டிக் கூலியே இலாபத்தைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் நமது விலை சுப்பர் மார்க்கட் விலையை விடக் கூடி நிற்கிறது.

இரண்டாவது, அழுகல். இந்நாட்டில் விளையும் மரக்கறி, பழங்களில் நூற்றுக்கு 30 முதல் 40 வீதம் நுகர்வோரின் கைக்குப் போகாமலே வீணாகிறது என்று சொல்லப்படுகிறது. அதில் கடைசிப் பங்கு நமது தலையில்தான் விழுகிறது. பிஸ்கட் விற்காவிட்டால் கம்பனி ஆள் மாற்றித் தருவார். கீரைக்கு அப்படி யாரும் வர மாட்டார்கள்.

மூன்றாவது, மின்சாரம். 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் கட்டணம் உயர்ந்தது. அதன் பிறகு குறைந்தும் கூடியும் வந்தாலும், அந்த அடியை வாங்கிய சிறு வியாபாரி சொந்தக் காசில் இன்னொரு பிரிட்ஜ் வாங்கத் துணிவதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் அதற்காகக் கடன் கேட்டுப் போனார். காணி உறுதி இருக்கிறதா என்று கேட்டார்கள். வாடகைக் கடைக்காரனிடம் உறுதி ஏது?

எனவே அரசாங்கத்திடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. சோடாக் கம்பனி செய்வதை அரசாங்கமும் செய்யட்டும். தொடர்மாடிகளை அண்டியுள்ள சிறிய கடைகளுக்குப் பாதி மானியமாகவும் பாதி தவணைக் கடனாகவும் ஒரு குளிர்ப்பெட்டி. கம்பனிக்காரன் போடுவது போலவே நிபந்தனையும் போடட்டும்: அதற்குள் மரக்கறி, கீரை, பழம், முட்டை, பசும்பால் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. மீறினால் பெட்டியைத் திருப்பி எடுக்கட்டும். தொடர்மாடிகளின் கீழ்த்தளத்தில் கடை அறை ஒதுக்கும்போது, ஆகக்கூடிய வாடகை தருபவர் யார் என்பதோடு மரக்கறி விற்பவர் யார் என்பதையும் பார்க்கட்டும்.

ஆனால் கடையைத் திருத்தினால் மட்டும் போதாது. இதில் அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடம். அங்கே பென்சில்வேனியா மாநிலம் 2004இல் 3 கோடி டொலரை ஒதுக்கி, நல்ல உணவுக் கடை இல்லாத பகுதிகளில் கடை திறக்கவும் பழைய கடைகளைத் திருத்தவும் கடனும் மானியமும் கொடுத்தது. 88 கடைகள் பயனடைந்தன, வேலைவாய்ப்பும் கூடியது. பின்னர் அது நாடு தழுவிய திட்டமாயிற்று. ஆனால் 2019இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று, ஏழைப் பகுதியில் புதிய சுப்பர் மார்க்கட் வந்த பிறகும் மக்கள் வாங்கும் சாமான் பெரிதாக மாறவில்லை என்று காட்டியது. கடை பக்கத்தில் வந்தது, ஆனால் வாங்குபவரின் பையும் பழக்கமும் அப்படியே இருந்தன. என் கடையில் மரக்கறியைத் திருப்பித் தந்த அந்தத் தங்கச்சிக்கும் இது பொருந்தும். கீரை அவர் கைக்கே வந்தது, ஆனால் அவரது இருநூறு ரூபா இரண்டுக்கும் போதவில்லை.

ஆகவே கடைக்குப் பெட்டி கொடுப்பதோடு வாங்குபவர் கைக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும். டெட்ரொயிட் நகரில் 2009இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அரச உணவு உதவி பெறும் குடும்பம் அந்தப் பணத்தில் மரக்கறி, பழம் வாங்கினால், அதே அளவு தொகை மேலதிகமாகக் கிடைக்கும். முதலில் உழவர் சந்தைகளில் தொடங்கி, பின்னர் பலசரக்குக் கடைகளுக்கும் விரிந்தது. நம்மிடம் 2023 முதல் அஸ்வெசும இருக்கிறது. பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதற்கு மேலதிகமாக, சிறு பிள்ளை உள்ள குடும்பத்துக்கு மரக்கறி, பழம், முட்டைக்கு மட்டும் செல்லுபடியாகும் ஒரு சிறு தொகையைப் பதிவு செய்யப்பட்ட பக்கத்துக் கடையில் பெற வழி செய்தால் என்ன?

நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. பாடசாலைச் சீருடைத் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்த காலம் நமது புடைவை வியாபாரிகளுக்கு ஞாபகமிருக்கும். அரசாங்கத்தின் காசு சாதாரணக் கடைகளுக்கும் வந்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபா வீதம் பத்து மாதங்களுக்குப் போஷாக்கு வவுச்சர் கொடுக்கும் திட்டம் 2015இல் தொடங்கியது. 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்காரர் முதல் முதலாளி வரை சில வாரங்களில் பழகிக்கொண்டார்கள். தொலைபேசி உள்ள எந்தக் கடையிலும் அதைச் செய்யலாம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரு நியாயத்தையும் மறைக்கக் கூடாது. வவுச்சரைக் கொடுத்தால் கடைக்காரன் கழிவு போட்டுக் காசாக்கிக் கொடுப்பான், கீரையின் பெயரில் சிகரட் கொடுப்பான் என்பார்கள். முத்திரைக் காலத்தில் முத்திரைப் புத்தகத்தை அடகு பிடித்த கடைக்காரர்கள் இருந்தது உண்மை. ஒருவர் செய்த அந்தக் காரியத்தால் பத்துப் பேரின் பெயர் கெட்டது. சிறிய கடைகளை நம்பிப் பொறுப்புத் தர அதிகாரிகள் தயங்குவதில் அந்தப் பழைய கணக்கும் சேர்ந்திருக்கிறது. ஏமாற்றுபவரின் பதிவை முதல் தடவையிலேயே நிரந்தரமாக வெட்ட வேண்டும் என்று நமது சங்கங்களே முன்வந்து சொல்ல வேண்டும்.

அரசாங்கம் தரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஒரே பகுதியில் உள்ள பதினைந்து, இருபது கடைகள் சேர்ந்து பேலியகொடைக்கு ஒரு சிறிய லொறி பிடித்தால் கூலி பங்காகும். மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும். பள்ளிவாசல் நிர்வாகத்திலும் வர்த்தக சங்கத்திலும் இருக்கும் நமது பெரியவர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இது. பிள்ளையின் கண்ணுக்கு நேரே தொங்கும் பிஸ்கட்டை மேலே தூக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் தொங்கவிடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

நான் அதைச் செய்துவிட்டேன். வாழைப்பழம் போகிறது. பிஸ்கட் கம்பனியின் விற்பனைப் பிரதிநிதிக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல். கீரைக் கூடை மட்டும் இன்னும் தரையில்தான் இருக்கிறது. அதற்கொரு பெட்டி வரும் என்ற நம்பிக்கையில் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இரண்டடி இடத்தை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.